தமிழ்த் தட்டெழுத்துப் பொறியும் அதன் விசைப்பலகையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அச்சுநூல் என்பனவற்றை வரிசைப்படுத்தி விரிவாக எழுதியுள்ளனர். ஆயின் அச்சுக்கும் கணினிக்கும் இடைப்பட்ட ஒரு காலகட்டம் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. தட்டெழுத்துப் பொறியின் காலமே அது. காரியாலய மேசையிற் கிடந்த ஒரு கருவிக்கு இலக்கிய வரலாற்றில் என்ன இடம் என வினவுவோர் உளர். ஒரு மொழி நூல்களில் மட்டும் வாழ்வதில்லை. மனுக்களிலும், கடிதங்களிலும், அறிவித்தல்களிலும், நியமனப் பத்திரங்களிலும் அது வாழ்கின்றது. கோவிலும் புலவரும் காத்த தமிழைக் காரியாலயத்தினுள் அழைத்துச் செல்லும் தகுதி பெற்ற முதற் கருவி தட்டெழுத்துப் பொறியே. அப்பொறியின் விசைப்பலகை எவ்வாறு அமைந்தது, அதன் அமைப்பை எவை நிர்ணயித்தன, இந்நாட்டில், சிறப்பாகக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் பொறுத்தவரை, அது எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கத் தவறியது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சும் தட்டெழுத்தும்

தமிழ் எழுத்து அச்சேறியது மிக முந்திய நிகழ்ச்சியாகும். 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஈழத்தில் 1830களில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரிமார் அச்சுக்கூடம் நடத்தினர். 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தம் அச்சுக்கூடத்தை நிறுவினார். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவுறுமுன் தமிழர் அச்சினை முற்றாகத் தம்வசமாக்கிக் கொண்டனர் எனலாம்.

எழுத்துகள் பலவாயிருத்தல் அச்சுக்கோப்பவருக்கு ஒரு தொல்லையே அன்றித் தடையன்று. முன்னேயுள்ள தட்டில் அறைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். முந்நூறு வகை அச்செழுத்தாயினும் கை எட்டும் தூரத்தில் அவற்றை அடுக்கிவிட முடியும். தட்டெழுத்துப் பொறியின் நிலை வேறு. 1868இல் அமெரிக்காவில் கிறிஸ்தோபர் ஷோல்ஸும் அவர்தம் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற பொறி, 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தாரால் விற்பனைக்கு விடப்பட்டது. 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் பொறியில் மேல்விசை இடம்பெற்றது. அதன் பயனாக ஒரே எழுத்துக்கோல் இரண்டு வடிவங்களைத் தாங்கலாயிற்று. பிற்காலத்தில் நிலைபெற்ற பொறிகளில் விசைகள் ஏறத்தாழ 42 முதல் 46 வரையே இருந்தன. விசை ஒன்றுக்கு இரண்டு வடிவம் எனக் கொண்டால் உச்ச அளவு 92 ஆகும். ஆங்கிலத்தின் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் 52. எண்களையும் குறிகளையும் சேர்த்தும் இடம் எஞ்சும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள இடைவெளியே தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் பிரச்சினை முழுவதும்.

சுண்டிக்குளியிலிருந்து சிங்கப்பூருக்கு

இப்பிரச்சினைக்கு விடை கண்டவராகப் போற்றப்படுபவர் ஆர். முத்தையா ஆவார். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த இவர், அக்கால யாழ்ப்பாணத்து ஆங்கிலம் கற்ற இளைஞர் பலரைப் போன்று, 1907இல் மலாயாவுக்குக் கடல் கடந்தார்; சிங்கப்பூரில் வர்த்தக நிறுவனமொன்றில் நீண்டகாலம் லிகிதராகப் பணிபுரிந்தார். இத்தகவலை ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் கருதுதல் போதாது. மிஷன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி, சுருக்கெழுத்து, தட்டெழுத்து, கணக்குப்பதிவு என்பன யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பின் மூலதனமாக விளங்கிய காலம் அது. குடியேற்ற ஆட்சியின் காரியாலயங்களுக்கு லிகிதர்களை வழங்கிய ஒரு சமூகத்திலிருந்து, அக்காரியாலயத்தின் கருவியையே தன் மொழிக்குத் திருப்பிவிட முனைந்த ஒருவர் தோன்றியமை தற்செயலன்று. பகல் முழுவதும் ஆங்கிலப் பொறியில் விரலோட்டியவருக்கே, இப்பொறி ஏன் தமிழ் பேசக்கூடாது என்னும் வினா இயல்பாக எழும்.

அவர் வகுத்த விசைப்பலகையோடு கூடிய பொறிகளை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த செயிடல்-நவுமான் நிறுவனத்தார் வார்த்தனர். தையற் பொறிகளாற் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் 'ஐடியல்' என்னும் மேசைப் பொறியும் 'பிஜூ' என்னும் கைப்பெட்டிப் பொறியும் தமிழெழுத்தைத் தாங்கி வெளிவந்தன. சுண்டிக்குளியிற் பிறந்தவரின் சிந்தனை, சிங்கப்பூரில் உருப்பெற்று, டிரெஸ்டனில் உருக்காக மாறித் தமிழரிடம் மீண்டது.

எண்களின் கணக்கு

விசைப்பலகையின் உட்பொருளை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்கு வேண்டற்பாலது. தமிழ் உயிர்மெய்களுட் பெரும்பகுதி துணைக்குறிகளால் ஆனவை. 'கா' என்பது க எனும் எழுத்தும் அதனருகே நிற்கும் காலும். 'கெ', 'கே', 'கை' என்பன முன்னே நிற்கும் கொம்புகளைப் பெற்ற ககரம். 'கொ', 'கோ' என்பன இருபுறமும் குறி பெற்றவை. 'கௌ' என்பதில் ளகர வடிவமே பின்னால் நிற்கின்றது. ஆகவே உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, துணைக்குறிகள் 7 (கால், இகரவிசிறி, ஈகாரவிசிறி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, புள்ளி) எனக் கூட்டினால் 38 வடிவங்களே வரும். இதுவரை பிரச்சினை இல்லை.

இடர்ப்பாடு உகர ஊகார வரிசைகளிலேயே உள்ளது. இவ்விரு வரிசைகளிலும் குறி தனித்து நில்லாது எழுத்தின் உடலோடு ஒட்டிவிடுகின்றது. 18 உகரமும் 18 ஊகாரமும் சேர 36. அவற்றைச் சேர்த்தால் 74. இன்னொரு சிக்கலும் உண்டு. டகரத்தின் வலப்புறம் மேலே திறந்து கிடப்பதால் ஏனைய எழுத்துகளுக்குப் பொருந்தும் இகரவிசிறி அதற்குப் பொருந்தாது. எனவே 'டி', 'டீ' என்பன தனியிடம் வேண்டுவன. இவற்றோடு 76. எஞ்சிய 16 இடங்களில் எண்கள் பத்தும், ஜ, ஷ, ஸ, ஹ முதலான கிரந்த எழுத்துகளும், நிறுத்தக் குறிகளும் அடங்க மாட்டா.

எனவே உகரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க நேர்ந்தது. கு, டு, மு, ரு, ழு, ளு என்னும் ஆறும் தம்முள் ஒவ்வாத தனி வடிவங்கள். ஞு, ணு, து, நு, லு, று, னு என்னும் ஏழும் கீழே சுழன்று மேலெழும் ஒரே வாலினை உடையன. ஙு, சு, பு, யு, வு என்னும் ஐந்தும் கீழிறங்கும் ஒரே கோட்டினை உடையன. வடிவ ஒற்றுமை கண்டவிடத்து ஒரே துண்டினைப் பலவற்றுக்கும் பொதுவாக்கலாம். ஒற்றுமை இல்லாதவிடத்து முழு எழுத்தையே வார்க்கவேண்டும். 'தூ', 'நூ' போன்றவற்றைத் து, நு என்பவற்றின்மேல் ஒரு மிகைக்குறி சேர்த்து ஆக்கலாம். இலக்கண நூலார் எழுத்துகளைப் பிறப்பிடம் பற்றி வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்தனர். தட்டெழுத்துப் பொறியாளர் அவற்றை வரிவடிவம் பற்றிப் பகுத்தனர். தமிழெழுத்தின் வரிவடிவத்தை இத்துணை நுணுக்கமாகக் கூறுபோட்டு நோக்கும் கட்டாயம் அதற்கு முன் அச்செழுத்து வார்ப்போருக்கே ஓரளவு இருந்தது. அவர்களுக்கும் இவ்வளவு நெருக்கடி இருந்ததில்லை.

நகராத விசை

இனி, எழுத்தின் தலைமேல் ஏறும் குறிகளின் நிலையை நோக்குவோம். தட்டெழுத்துப் பொறியில் விசையை அழுத்தியதும் நெம்புகோல் எழுத்துக்கோலை உயர்த்தி, மைநாடாவின் ஊடாகத் தாளின்மேல் மோதச் செய்கின்றது. அதே கணத்தில் எல்லா விசைகளுக்கும் பொதுவான ஒரு குறுக்குச் சட்டம் தள்ளப்பட, பற்சக்கரம் ஒரு பல் விடுபட்டு, தாளைத் தாங்கிய வண்டி ஓரெழுத்து அகலம் இடப்புறம் நகர்கின்றது. புள்ளி விசையும் இவ்வாறு வண்டியை நகர்த்துமாயின், புள்ளி ககரத்தின் தலைமேல் வீழாது அதற்கப்பால் வெற்றிடத்தில் வீழும்.

இதற்கான தீர்வு நகராத விசை. இதன் நெம்புகோல் குறுக்குச் சட்டத்தைத் தொடாதவாறு அமைக்கப்படும். குறி தாளிற் பதியும், வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து அமரும். பிரெஞ்சு, ஜேர்மன் மொழிப் பொறிகளில் உயிரெழுத்தின்மேல் இடப்படும் குறிகளுக்காக இம்முறை முன்னரே வழங்கியது. ஐரோப்பிய மொழிகளுக்கு எப்போதாவது பயன்பட்ட ஓர் உபாயத்தைத் தமிழ்ப் பொறி தன் முதுகெலும்பாகக் கொண்டது.

இதன் விளைவு விந்தையானது. 'தமிழ்' என்னும் சொல்லைக் கையால் எழுதுபவர் முதலில் மகரத்தை எழுதி விசிறியிடுவார்; ழகரத்தை எழுதிப் புள்ளியிடுவார். பொறியில் அடிப்பவரோ த, பின் விசிறி, பின் ம, பின் புள்ளி, இறுதியாக ழ என அடித்தல் வேண்டும். மெய்யெழுத்துக்கு இலக்கணகாரர் கண்ட உடலும் அதன்மேல் இட்ட புள்ளியும் இங்கே முறைமாறின. புள்ளி முன்னும் உடல் பின்னும் ஆயின. இம்மாற்றத்தை விதித்தது இலக்கணமன்று, ஓர் இரும்புச் சட்டம்.

விசைகளின் இட ஒழுங்கும் கருதத்தக்கது. நடுவரிசையில் இடமிருந்து வலமாக ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி என்பன நிற்கின்றன. தட்டெழுத்துப் பயின்ற எவரும் இவ்வரிசையை மந்திரம்போல் ஒப்புவிப்பர். க, த, ம, ப முதலிய மிகுதியாகப் பயிலும் எழுத்துகளை விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையில் வைத்தமை பாராட்டுக்குரியது. ஆயின் தமிழில் எங்கும் நிறைந்து கிடக்கும் புள்ளியை வலது கையின் சிறுவிரலிடம், அஃதாவது வலிமை குன்றிய விரலிடம், ஒப்படைத்தமை ஒரு குறையே. சிறுவிரல் மெலிந்தடித்தாற் புள்ளி தாளிற் பதியாது. புள்ளி பதியாவிடின் 'கண்' என்பது 'கண' என நிற்கும்.

மலைநாட்டில் ஒரு துண்டுத் தாள்

இக்கருவியின் சமூகப் பயனைக் கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து நோக்குதல் பொருத்தமானது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தாள் எப்போதுமே நிர்ணயித்து வந்துள்ளது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்வதற்கு அவர்களின் கடனைக் குறித்துத் துரைமார் வழங்கிய சீட்டுக்குத் 'துண்டு' என்றே பெயர். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, வாசிக்கவியலாத ஒரு தாளுக்குள் ஒரு கூட்டத்தின் வாழ்வு சிறைப்பட்டிருந்தது.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் தாளின் ஆட்சி மேலும் கடுமையாயிற்று. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கண்டி நகரிலேயே அமைந்திருந்தமையால், மலைநாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் பத்திரங்களோடு இந்நகரை நோக்கி வந்தனர். பிறந்த இடம், வந்த ஆண்டு, வசித்த காலம் என்பனவற்றை எழுத்தில் நிறுவ வேண்டியோர் தம் மொழியில் எழுதப்படாத தாள்களையே நம்பி நின்றனர். தமக்குச் சார்பாக எழுதப்பட்டது என்ன, எதிராக எழுதப்பட்டது என்ன என்பதைப் பிறர் வாசித்துச் சொல்லவே அறிந்தனர்.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறி அக்காலத்தில் இல்லாத ஒன்றன்று. அது உருவாகி ஒரு தலைமுறை கழிந்திருந்தது. மெழுகுத்தாளில் தட்டெழுதி ரோனியோப் பிரதி எடுத்தால் அச்சுக்கூடமின்றியே நூற்றுக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை ஒரே இரவில் ஆக்க முடிந்தது. தொழிற்சங்கத்துக்கும் மாணவர் அமைப்புக்கும் சிறு சஞ்சிகைக்கும் இது பெரிய வாய்ப்பு. ஆயின் கருவி இருத்தல் வேறு. அதனை மேசையில் வைக்கும் அதிகாரம் வேறு.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தெளிவு தரும். 1956இல் சிங்களம் அரசகரும மொழியாக்கப்பட்டதைத் தொடர்ந்து அதற்குரிய விசைப்பலகையைச் சீர்ப்படுத்தும் முயற்சி அரசின் கருமமாயிற்று. விஜேசேகர என்னும் பெயர் தாங்கிய அவ்விசைப்பலகையே பின்னர் கணினி நியமத்துக்கும் அடிப்படையாயிற்று. தமிழ்ப் பொறியோ அதற்கு முன்னரே தனியொரு லிகிதரின் முயற்சியால் உருவாயிற்று. எனினும் அரச காரியாலயத்தினுள் அதற்கு உரிய இடம் சட்டத்தின் தயவை எதிர்பார்த்து நின்றது. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. அதன் ஒழுங்குவிதிகள் 1966இலேயே வந்தன. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாந் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சட்டங்களின் இவ்வரிசை நீளமானது. ஆயினும் தமிழில் எழுதிய மனுவுக்குத் தமிழில் மறுமொழி வராமை நாடறிந்த முறைப்பாடாகவே தொடர்ந்துள்ளது. தமிழெழுத்துப் பொறியும் அதனை இயக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாத காரியாலயத்தில் அரசியல் யாப்பின் உறுப்புரை வெறும் அலங்காரமே. மொழியுரிமையைச் சொற்போராக மட்டும் நோக்குவோர், அவ்வுரிமை முடிவில் ஒரு மேசை, ஒரு பொறி, ஒரு சம்பளப் பதவி என்பவற்றிலேயே நிலைகொள்கின்றது என்பதை மறத்தலாகாது.

கணினிக்குள் புகுந்த பழக்கம்

டிரெஸ்டன் நகரம் 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சிற் சிதைந்தது. பிற்காலத்தில் இந்தியாவிலும் தட்டெழுத்துப் பொறித் தொழில் வளர்ந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இத்துறையில் இறங்கி, 2009ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்குள் கணினி வந்துவிட்டது.

தொடக்ககாலக் கணினி விசைப்பலகைகள் தட்டெழுத்துப் பொறியின் உடலமைப்பையே பின்பற்றின. ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'மாதிரி எம்' விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் உண்டு. அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அது வளைந்து சரிய, ஓசை எழும், விரல் அச்சரிவை உணரும். பழைய பொறியில் எழுத்துக்கோல் மோதும் உணர்ச்சியை விரல்கள் இழக்கவில்லை. ஆயின் உள்ளே நிகழ்வது முற்றிலும் வேறு. அங்கு எழுத்துக்கோலும் இல்லை, நகரும் வண்டியும் இல்லை. மின்தொடர்பு ஒன்று ஏற்படுகின்றது, அவ்வளவே. எந்த விசைக்கு எவ்வெழுத்து என்பதைத் தீர்மானிப்பது உருக்கன்று, நிரல். எனவே நகராத விசைக்கும் தேவை ஒழிந்தது.

ஆயினும் பழக்கம் ஒழியவில்லை. இலங்கையில் பெருவழக்குற்ற பாமினி எழுத்துரு தட்டெழுத்துப் பலகையையே தழுவியது. க, ம, ட, ர என்பவற்றை மேல்விசையோடு அழுத்தக் கு, மு, டு, ரு வருதலும், 'டி' தனிவிசையில் அமர்ந்திருத்தலும் உருக்கு யுகத்தின் எச்சங்களே. இலங்கைத் தரக்கட்டளை நிறுவகத்தின் 2008ஆம் ஆண்டு 1326ஆம் இலக்க நியமம் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் அம்மரபினதே. தமிழகத்தில் 1999இல் ஏற்கப்பட்ட 'தமிழ் 99' வேறு வழி சென்றது. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் பகுக்கப்பட்டன. ககரத்தையும் உகரத்தையும் அடுத்தடுத்து அழுத்தக் 'கு' பிறந்தது. ககரத்தை இருமுறை அழுத்தப் புள்ளி தானே வந்து 'க்க' ஆயிற்று. வரிவடிவத்தைக் கூறுபோட்ட நெறி கைவிடப்பட்டு, உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்ற பழைய இலக்கண நெறி விசைப்பலகைக்கு மீண்டது.

ஆக, ஒரே எழுத்துக்கு மூன்று ஒழுங்குகள் தோன்றியுள்ளன. கையின் ஒழுங்கில் ம முன், விசிறி பின். பொறியின் ஒழுங்கில் விசிறி முன், ம பின். 'கொ' என்பதில் கையும் பொறியும் கொம்பை முற்படுத்த, ஒலியின் ஒழுங்கைக் கைக்கொண்ட கணினியின் ஒருங்குறி ககரத்தையே முற்படுத்துகின்றது. இவற்றுள் எது தமிழுக்கு இயல்பு என்பது ஆய்வாளர் விவாதிக்கத்தக்க பொருள். முதலாவது சுவடிக் காலத்தின் கொடை; இரண்டாவது இயந்திரத்தின் கட்டாயம்; மூன்றாவது இலக்கணத்தின் மீட்சி எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகும். தமிழெழுத்தின் பன்மை அதனை நவீன கருவிகளுக்கு ஒவ்வாததாக்கிற்று என்னும் கூற்று வரலாற்றுக்கு முரணானது. 247ஐ 92க்குள் அடக்கும் வழியைக் காரியாலய லிகிதர் ஒருவர் கண்டார். எழுத்தின் இயல்பை ஆழ்ந்து நோக்கியமையே அவருக்கு வழிகாட்டிற்று. இது முதலாவது. கருவி கைவந்தமை மட்டும் மொழியைக் காரியாலயத்தில் அமர்த்திவிடவில்லை என்பது இரண்டாவது. பொறி இல்லை என்ற சாட்டு முத்தையாவின் காலத்தோடே காலாவதியாயிற்று. கணினிக் காலத்தில் அது சாட்டாகவும் நில்லாது. எந்தக் கணினியிலும் தமிழ் உண்டு. கண்டியின் ஒரு காரியாலயத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவர் பெறும் கடிதம் அவர் வாசிக்கும் மொழியில் இல்லையாயின், அதற்குரிய காரணத்தை இனி விசைப்பலகையிற் தேடுதல் வீண். அதனை வேறிடத்திலேயே தேடுதல் வேண்டும்.